டாஸுக்கு முன் அணைய வேண்டிய அடுப்பு

கூடத்தில் பத்துப் பேர் ஒரே குரலில் கத்தும்போது அடுக்களையில் நிற்பவருக்குச் சத்தம் மட்டும்தான் வந்து சேர்கிறது. விழுந்தது விக்கெட்டா, பறந்தது சிக்ஸரா, கைக்கு வந்த கேட்ச் நழுவியதா என்று அதை வைத்து ஊகிக்கத்தான் முடியும். பழகியவர்கள் ஊகித்தும் விடுகிறார்கள். சிக்ஸருக்கு எழும் கூச்சல் நீண்டு ஏறும். நம் விக்கெட் விழுந்தால் ஓர் 'ஐயோ'வுக்குப் பிறகு சட்டென்று அடங்கிப்போகும். கேட்ச் நழுவினால் யாராவது தொடையில் அறைந்துகொள்வதுகூடக் கேட்கும். ஆனாலும் ஊகம் போதாமல், கரண்டியும் கையுமாக, "என்ன ஆச்சு?" என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். பதில் உடனே வராது. கூடத்தில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பார்கள். யாருக்காவது நினைவு வந்து "அவுட்டு, அவுட்டு" என்று சொல்லும்போது அடுத்த ஆட்டக்காரர் உள்ளே நடந்து வந்துகொண்டிருப்பார். அந்த "என்ன ஆச்சு?" எனக்குள் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. நண்பர்களைக் கூட்டிவைத்து ஒரு பெரிய ஆட்டத்தைப் பார்ப்பதும், அவர்களுக்குச் சுலபமாக எதையாவது செய்துகொடுப்பதும் நான் விரும்பிச் செய்கிற காரியங்கள். அந்தச் சந்தோஷத்தின் நடுவே ஒரு குரல் பதில் கிடைக்காமல் நிற்பதை ஏன் இத்தனை இயல்பாக எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

பஜ்ஜியை எடுத்துக்கொள்வோம். மேட்ச் நாள் என்றால் நம் வீடுகளில் முதலில் வாயில் வருவது அதுதான். "பெருசா ஒண்ணும் வேணாம், சிம்பிளா பஜ்ஜி போட்டுக்கலாம்." கடலை மாவு ரெண்டு கப், அரிசி மாவு கால் கப், மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. கரைக்க ஐந்து நிமிஷம் ஆகாது. வாழைக்காயை நீளவாக்கில் சீவித் தண்ணீரில் போட்டுவைத்தால் கறுக்காது. இதுவரை சுலபம்தான். பிறகு எண்ணெய் காய வேண்டும். ஒரு சொட்டு மாவை விட்டால் அடியிலேயே தங்குகிறதா, எழும்பி மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பிய வேகத்தில் கறுத்தால் தீயைக் குறைக்க வேண்டும். வீட்டு இருப்புச்சட்டியில் ஓர் ஈட்டுக்கு ஆறு பஜ்ஜிக்கு மேல் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி மாவு எண்ணெய் குடித்துவிடும். ஓர் ஈடு வெந்து எடுக்க ஏறக்குறைய நாலு நிமிஷம். ஓர் ஓவர் வீசி முடிக்கவும் ஏறக்குறைய அதே நாலு நிமிஷம்தான். பத்துப் பேருக்கு ஆளுக்கு நாலு என்றால் நாற்பது பஜ்ஜி, ஏழு ஈடு. இருபது ஓவர் ஆட்டத்தின் பவர்ப்ளே ஆறு ஓவரும் அடுப்படியிலேயே போய்விடும். முன்கூட்டியே போட்டு வைக்கவும் வழியில்லை. ஆறிய பஜ்ஜி தொய்ந்து, தொட்டால் விரலில் எண்ணெய் கசியும். அதன் ருசியே சூட்டில்தான் இருக்கிறது. ஆகவே சூடு ஆறாமல் கொண்டுவருகிறவர் போய்ப் போய் வந்துகொண்டே இருக்க வேண்டும். பஜ்ஜி சுலபம் என்று முடிவு செய்தவர்கள் எல்லாரும் அதைச் சாப்பிடுகிற பக்கத்தில் உட்கார்ந்துதான் முடிவு செய்திருக்கிறார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது ராசி பார்ப்பது. கிரிக்கெட் பார்க்கும் வீடுகளில் ராசி இல்லாமல் ஆட்டம் இல்லை. ஒருவர் காலை மடக்கி உட்கார்ந்தபோது பவுண்டரி போயிருந்தால் கால் மரத்துப்போனாலும் நீட்டக்கூடாது. போன ஆட்டத்தில் ஜெயித்த சட்டையைத்தான் இந்த ஆட்டத்துக்கும் போட வேண்டும். இவையெல்லாம் அவரவர் தமக்கே விதித்துக்கொண்டவை, அதில் ஓர் அன்புகூட இருக்கிறது. ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்த ஒருவரைப் பார்த்து, "அண்ணி, நீங்க உள்ளயே இருங்க. நீங்க வந்து உக்காந்தாதான் விக்கெட் விழுது" என்று சொல்வதை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டே எழுந்து போவார். சட்டையை மாற்றாதவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே ராசியைக் காப்பாற்றுகிறார். அண்ணி மட்டும் பார்க்காமல் இருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் அவர் நாள் முழுக்க நின்றது அந்த ஆட்டத்துக்காகத்தான். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று அவரிடம் கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

"ரீப்ளே போடுவான் இல்ல, அப்பப் பாத்துக்க" என்பார்கள். 2011 ஏப்ரல் 2ஆம் தேதி நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நினைத்துக்கொள்கிறேன். வான்கடேயில் இலங்கை 274 எடுத்திருந்தது, ஜெயவர்த்தனே 103 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். சாயங்காலம் இடைவேளை. நாற்பத்தைந்து நிமிஷத்தில் போண்டா, காபி, குழந்தைகளுக்குப் பால், பெரியவர்களுக்கு முன்கூட்டியே இட்லி. இடைவேளை முடிந்து மலிங்கா பந்தை எடுத்தபோது எத்தனை வீடுகளில் டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள்! இரண்டாவது பந்திலேயே சேவாக் எல்பிடபிள்யூ. அணியின் ஸ்கோர் 31 ஆனபோது சச்சினும் போனார். அந்த இரண்டு விக்கெட்டுக்கும் நடுவே நாட்டின் வயிற்றில் புளியைக் கரைத்தது ஒன்று இருந்ததே, அது எந்த ரீப்ளேயிலும் இல்லை. தோனி அடித்த கடைசி சிக்ஸரை நாம் எல்லாரும் கணக்கில்லாமல் மறுபடி பார்த்திருக்கிறோம். ஆனால் அன்று அந்தப் பந்து காற்றில் இருந்தபோது அது எங்கே விழும் என்று தெரியாமல் பார்த்தவர்களுக்கும், விழுந்த இடம் தெரிந்த பிறகு பார்த்தவர்களுக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. கூடி உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதென்றால் அடுத்து என்ன என்று தெரியாமல் எல்லாரும் ஒன்றாக இருப்பதுதான். தெரிந்த பிறகு எவ்வளவு துல்லியமாக, எத்தனை கோணங்களில் காட்டினாலும் அந்தத் தெரியாமையில் பங்கு கிடைப்பதில்லை. இப்போது இணையம் வழியே பார்க்கிற வீடுகளில் இன்னொரு விசித்திரமும் சேர்ந்திருக்கிறது. நம் திரையில் வரும் படம் சில வினாடிகள் பிந்தி வருகிறது. டிஷ் வைத்திருக்கும் அடுத்த வீட்டின் கூச்சல் அடுக்களை ஜன்னல் வழியே முன்கூட்டியே வந்துவிடுகிறது. பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவருக்கு முடிவு முதலில் தெரிந்துவிடும், காட்சிதான் கிடைக்காது.

வானொலி நாட்களில் இந்தச் சுவர் இத்தனை கெட்டியாக இல்லை. சேப்பாக்கத்தில் பொங்கலையொட்டி டெஸ்ட் நடக்கும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் நேர்முக வர்ணனை வீடு முழுக்கப் பரவும். டிரான்சிஸ்டரை அடுக்களை மாடத்தில் வைத்துவிட்டுத் தேங்காய் துருவியபடி, கீரை ஆய்ந்தபடி ஆட்டத்தைப் பின்தொடர்ந்த பெண்மணிகள் எங்கள் உறவிலேயே உண்டு. அன்று யாருமே ஆட்டத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் கேட்டார்கள். சாய்வு நாற்காலியில் இருந்தவருக்கும் அரிவாள்மணையில் இருந்தவருக்கும் அதே குரல், அதே பந்து, அதே நொடி. தொலைக்காட்சி வந்ததும் ஆட்டம் கூடத்தின் ஒரு சுவரில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சுவருக்கு எதிரே இல்லாதவர் ஆட்டத்துக்கு வெளியே ஆனார். புது அடுக்ககங்களில் கூடத்தோடு சேர்ந்த ஓப்பன் கிச்சன் வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சிம்னி ஓடுகிற இரைச்சலில் வர்ணனை கேட்பதில்லை, வாணலியைப் பார்க்கிற முகம் திரைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறது.

கிரிக்கெட்டின் நேரக் கணக்கே சாப்பாட்டைச் சுற்றி அமைந்தது என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. டெஸ்டில் மதிய உணவுக்கு நாற்பது நிமிஷம், தேநீருக்கு இருபது நிமிஷம் ஆட்டம் நிற்கும். ஆடுகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக அத்தனை ஆயிரம் பேரும் காத்திருக்கிறார்கள். அது பண்பட்ட ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றும். ஆனால் அந்த இடைவேளைதான் வீட்டில் ஒருவருக்கு வேலை உச்சத்துக்குப் போகிற நேரம். இருபது ஓவர் ஆட்டத்தில் நடுவே கிடைப்பது இன்னும் குறைவு. ஐபிஎல்லில் நிறுத்தித் தருகிற இரண்டரை நிமிஷ டைம் அவுட்டில் பத்துப் பேருக்குப் பால் பொங்கக்கூடப் பொங்காது. எதற்கு இந்தக் கஷ்டம், ஆர்டர் செய்துவிடலாம் என்பது இப்போதைய தீர்வு. நானும் அதைத் தீர்வென்றே நினைத்ததுண்டு. ஆனால் பிரியாணிப் பையைக் கையில் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, திறந்த கதவின் இடுக்கு வழியாகத் திரையை எட்டிப் பார்த்து "ஸ்கோர் என்ன?" என்று கேட்ட பையனின் முகம் அந்த நினைப்பைக் குலைத்துவிட்டது. அடுக்களையில் நின்றவருடைய கேள்வி வாசலுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அன்று அவனுக்கு வரிசையாக ஆர்டர் இருந்தது. அவன் கூடப் படித்தவர்கள் எங்கோ கூடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

யோசிக்க யோசிக்க, தவறு நாம் எடுத்துக்கொண்ட முன்மாதிரியில் இருக்கிறது என்று தோன்றுகிறது. மேட்ச் பார்க்க நாலு பேர் வருகிறார்கள் என்றதும் நாம் அதை விருந்து என்று நினைத்துக்கொள்கிறோம். விருந்துக்கென்று நம்மிடம் ஒரு முறை இருக்கிறது: அடுப்பிலிருந்து நேரே இலைக்கு வர வேண்டும், வீட்டார் நின்று பரிமாற வேண்டும், வந்தவர் கை கழுவிய பிறகே பரிமாறியவர் உட்கார வேண்டும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்த நிலம் இது. அந்த முறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வந்தவர் முகத்தைப் பார்ப்பதே அன்றைய காரியமாக இருக்கும்போது அதற்கு ஈடு இல்லை. ஆனால் ஆட்ட நாளில் வந்தவர், வீட்டார் இருவருமே பார்க்க வேண்டிய முகம் வேறெங்கோ, திரையில் இருக்கிறது. அந்த நாளுக்கு நம்மிடம் வேறொரு முறை ஏற்கெனவே இருக்கிறது: கட்டுச்சோறு. ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியலிலேயே எலுமிச்சை சாதம், புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று கிளறித் தூக்குகளில் அடைத்துவிடுவார்கள். மூடி விழுந்ததோடு சமையல் வேலை முடிந்தது. ஆற்றங்கரையில் மூடியைத் திறக்கும்போது சமைத்தவரும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மற்றவர்களோடு படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார், அவரும்தான் ஆற்றைப் பார்ப்பார். ரயில் பயணத்துக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி இட்லியை இலையில் கட்டுவதும் இதே அறிவுதான். புளி, உப்பு, நல்லெண்ணெய் இந்த மூன்றின் துணையோடு நேரத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கத் தெரிந்தவர்கள் நாம். முந்தின நாள் காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சலில் பிசைந்த சோறு காலையைவிட மதியம் ருசிக்கும். ஆறினால் கெட்டுப்போகாது, ஆறினால்தான் சேரும்.

இப்படிப் பார்க்க ஆரம்பித்ததும் பலகாரப் பட்டியலே வேறு வரிசையில் அடுக்கிக்கொண்டது. சுண்டல் முதலில் வந்து நின்றது. வெள்ளைப் பட்டாணியை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் உப்புச் சேர்த்துக் குக்கரில் வைக்க வேண்டும். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும், தோல் கழன்று குழையக் கூடாது. அந்தப் பதம் தப்பினால் சுண்டல் இல்லை, கூட்டு. கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டி மூடிவிடலாம். தேங்காய்ப் பல்லையும் மாங்காயையும் மட்டும் நறுக்கித் தனியே வைத்திருந்து, ஆட்டம் தொடங்கும்போது கலக்க வேண்டும். ஐபிஎல் நடக்கிற ஏப்ரல், மே வெக்கையில் முன்பே கலந்த தேங்காய் ஊசிப்போகும். அதே ஏப்ரல், மேயில்தான் கிளிமூக்கு மாங்காயும் மலிவாகக் கிடைக்கிறது என்பது சுண்டலுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். வேர்க்கடலையைத் தோலோடு உப்புத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரிலேயே விட்டுவிட்டால் இரண்டாவது இன்னிங்ஸ்வரை சூடு இருக்கும். உரித்துத் தின்பதில் கைக்கும் பதற்றத்துக்கும் ஒரு வேலை கிடைக்கும். சேலத்துத் தட்டுவடை செட் இன்னும் மேல். தட்டை கடையில் வாங்கியது, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, எல்லாம் கிண்ணங்களில். ஆளாளுக்குத் தாங்களே அடுக்கிக்கொள்வார்கள். கறி வேண்டும் என்பவர்கள் எல்லாரும் கேட்பது சிக்கன் 65. அது சென்னை புகாரி ஹோட்டலில் 1965இல் பிறந்ததாகச் சொல்லப்படுகிற பண்டம். பெரிய சட்டியும் அதற்கென்று நிற்க மாஸ்டரும் உள்ள இடத்துக்கு உரியது. வீட்டில் அது மறுபடி ஏழு ஈடு. மிளகு சுக்காவைப் பகலிலேயே சுருளச் சுருள வதக்கி வைத்துவிட்டு, பரோட்டாவை வெளியில் வாங்கிக்கொள்ளலாம். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளின் காராபொரி. சேப்பாக்கத்துக்கு நடந்துபோகிற தூரம். தரையில் செய்தித்தாளை விரித்துப் பொரியைக் கொட்டி, ஒருவர் வெங்காயம் நறுக்க, ஒருவர் மாங்காய் சீவ, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, தேங்காய் எண்ணெயைச் சுற்றி ஊற்றி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே நாலு கைகள் கலக்கும். அங்கே அடுக்களை என்று ஓர் அறையே கிடையாது. அதனால் அடுக்களையில் விடுபட்டவர் என்றும் ஒருவர் கிடையாது.

இத்தனையும் சொன்ன பிறகும் எனக்குச் சில தயக்கங்கள் இருக்கின்றன. மழை பெய்கிற ராத்திரியில் எண்ணெயிலிருந்து எடுத்த பஜ்ஜியைப் பிய்க்கும்போது வரும் ஆவிக்குச் சுண்டல் ஒருபோதும் பதிலாகாது. அதை இழக்கச் சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொல்கிறேன். இன்னொன்று, அடுக்களையில் நிற்கிற எல்லாரும் அங்கே அடைபட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ள முடியாது. கிரிக்கெட் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்திலிருந்து ஒதுங்கி, தன் கைப்பிடியில் இருக்கும் ஒரு வேலையோடு தனித்திருப்பதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் இறுகும்போது பார்க்கத் தாங்காமல் அடுக்களைக்கே ஓடி வருகிற ஆண்களும் உண்டு. 2024 ஜூன் 29 ராத்திரி, இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு முப்பது பந்தில் முப்பது ரன் போதும் என்றானபோது அப்படி எழுந்து வந்து, தண்ணீர் குடிப்பதுபோல் நின்றுவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். எல்லைக்கோட்டில் சூர்யகுமார் பிடித்த அந்தக் கேட்சை அவர் பார்க்கவே இல்லை, அதற்காக வருந்தவும் இல்லை. ஆகவே யாரையும் இழுத்துவந்து உட்காரவைக்க வேண்டும் என்பதில்லை. யார் விரும்பி ஒதுங்குகிறார், யார் ஒதுக்கப்படுகிறார் என்று எப்படித் தெரியும்? "என்ன ஆச்சு?" என்று கேட்கிறாரா என்று கவனித்தால் தெரியும். ஆட்டம் வேண்டாதவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

2025 நவம்பர் 2. நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டம். மழையால் தாமதமாகி மாலை ஐந்து மணிக்குத்தான் தொடங்கியது, முடிய நள்ளிரவு ஆனது. எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடினோம். ஆளுக்கு ஒரு பாத்திரம் வந்தது: ஒருவர் புளியோதரை, ஒருவர் வேர்க்கடலை, ஒருவர் முறுக்கு டப்பா, ஒருவர் மாதுளை உதிர்த்த தயிர் சாதம். தட்டுகள் பாக்குமட்டையில். ராத்திரி சிங்க்கில் பாத்திரம் விழுகிற சத்தமே இல்லை. ஷஃபாலி 87 அடித்ததை எல்லாரும் பார்த்தோம். சதமடித்து நின்ற தென்னாப்பிரிக்காவின் வோல்வார்ட் தூக்கி அடித்த பந்து அமன்ஜோத் கையில் பட்டு எகிறி, மறுபடி பட்டு எகிறி, விழப்போகிற நேரத்தில் ஒற்றைக் கையில் தங்கியபோது, எந்த அண்ணியை எல்லாரும் சிரித்துக்கொண்டே உள்ளே அனுப்புவார்களோ அந்த அண்ணி நாற்காலியின் மேல் ஏறி நின்றிருந்தார். அவர் வந்து உட்கார்ந்திருந்தார், விக்கெட்டும் விழுந்தது. ஆனால் விழுந்தது எதிரணியின் விக்கெட். தீப்தி ஐந்து விக்கெட் எடுத்தார், 52 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். அன்று யாரும் எதையும் ரீப்ளேயில் முதல்முறையாகப் பார்க்கவில்லை.

அடுத்த பெரிய ஆட்டத்துக்கு உங்கள் வீட்டுக்கு நண்பர்களை அழைக்கும்போது, ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள். டாஸ் போடுவதற்கு முன் அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்குள் வேகாதது அன்றைக்கு வேண்டாம். சமைத்தவருக்குத் திரைக்கு நேர் எதிரே ஓர் இடம் விட்டுவைத்துவிட்டு மற்றவர்கள் உட்காருங்கள்.